வாட்ஸ்அப் வதந்தியை முதலில் அனுப்பியது யார்? கண்டுபிடிக்கச் சொல்லும் அரசு, மறுக்கும் நிறுவனம்: என்னதான் பிரச்னை?

2018 மே மாதம். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக சென்னையில் இருந்து காரில் கிளம்பிய ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி விசாரிக்க வண்டியை நிறுத்தியது. காரில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். 'பிள்ளை பிடிக்க வந்திருக்காங்க' என்று யாரோ கிளப்பிவிட, கூட்டம் கூடியது. அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்.

வட தமிழக மாவட்டங்களில் அதற்கு முந்தைய சில வாரங்களாகவே, குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் மெசேஜ்களும் ஆடியோக்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி, மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரயின்பாடா கிராமத்தில் இதே வதந்தியால் 5 பேர் கொல்லப்பட்டனர்.

அடித்தவர்களை செல்போன் வீடியோக்களை வைத்துப் பிடித்துவிடலாம். ஆனால், அந்த மெசேஜை முதன்முதலில் எழுதி அனுப்பியவரை எப்படிப் பிடிப்பது? இந்தக் கேள்விதான் பின்னர் ஒரு விதியாக மாறி, நீதிமன்றப் படியேறியது. 'அந்த விதியைச் செயல்படுத்தினால் இந்தியாவில் எங்களால் சேவை தர முடியாது' என்று வாட்ஸ்அப் சொல்லும் அளவுக்கு விவகாரம் பெரிதானது.

யார் என்ன சொல்கிறார்கள்? இதில் உங்கள் போனுக்கு என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன்: அப்படின்னா என்ன?

ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. பூட்டை யார் வேண்டுமானாலும் அழுத்திப் பூட்டிவிடலாம். ஆனால் திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப்பில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

உங்கள் நண்பரின் போன் ஒரு பூட்டையும் அதற்கான சாவியையும் உருவாக்குகிறது. பூட்டை வெளியே கொடுத்துவிடுகிறது. சாவி போனை விட்டு வெளியே போகாது. நீங்கள் அனுப்பும் மெசேஜ் அந்தப் பூட்டால் பூட்டப்பட்டே கிளம்புகிறது. வழியில் இருக்கும் வாட்ஸ்அப் சர்வருக்கு அது வெறும் பூட்டிய பெட்டிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நிறுவனத்தாலேயே படிக்க முடியாது.

2016 ஏப்ரலில் இருந்து எல்லா வாட்ஸ்அப் பயனாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைக்கிறது. மெசேஜ், போட்டோ, வீடியோ, கால், குரூப் சாட் எல்லாம் இதில் அடக்கம்.

எல்லா செயலிகளும் இப்படி இல்லை. உதாரணமாக, டெலிகிராமில் 'சீக்ரெட் சாட்' என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால்தான் இது கிடைக்கும். சாதாரண சாட்டிலும் குரூப்பிலும் கிடையாது.

அப்போ போலீஸுக்கு எதுவுமே கிடைக்காதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மெசேஜின் உள்ளடக்கம் மட்டும்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தகவல்கள் நிறையவே கிடைக்கும். இதற்கு 'மெட்டா டேட்டா' என்று பெயர்.

* எந்த எண்ணில் கணக்கு தொடங்கப்பட்டது, எந்த ஐபி முகவரியில் இருந்து பயன்படுத்தப்பட்டது, கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் போன்றவற்றை, சட்டப்படியான உத்தரவு வந்தால் நிறுவனம் தர முடியும்.
* ஒருவரின் போன் போலீஸ் கைக்கு வந்து அது திறக்கப்பட்டுவிட்டால், உள்ளே இருக்கும் எல்லா சாட்டையும் படிக்கலாம். பூட்டு இருப்பது வழியில் மட்டும்தான். போனுக்குள் மெசேஜ் திறந்தே இருக்கிறது.
* யாராவது ஒரு கணக்கை 'ரிப்போர்ட்' செய்தால், அவரிடம் இருந்து வந்த கடைசி 5 மெசேஜ்கள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும்.

இன்றும் போலீஸ் பல வழக்குகளில், 'உனக்கு இது யாரிடம் இருந்து வந்தது?' என்று ஒவ்வொரு போனாகப் பின்னோக்கிப் போய்த்தான் விசாரிக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்குப் போய்விட்ட ஃபார்வேர்டு மெசேஜில் இது மாதக்கணக்கில் இழுக்கும். நடுவில் ஒருவர் சாட்டை அழித்துவிட்டால் சங்கிலியே அறுந்துவிடும். 'இதற்கு ஒரு சுலபமான வழி வேண்டும்' என்று அரசு கேட்பதன் காரணம் இதுதான்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பொதுநல மனுக்கள் தாக்கலாகின. இணையத்தில் அவதூறு, மிரட்டல் பெருகிவிட்டதால் சமூக வலைதளக் கணக்குகளை ஆதார் போன்ற அடையாள ஆவணத்துடன் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. விசாரணையில் ஆதார் விஷயம் பின்னுக்குப் போய், மெசேஜை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்பதே முக்கியக் கேள்வியாக மாறியது.

'முடியும்' என்றார் அப்போது ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி.காமகோடி. பின்னர் அதே நிறுவனத்தின் இயக்குநரானவர் இவர். 2019-ல் நீதிமன்றத்தில் அவர் முன்வைத்த யோசனை இதுதான்: ஒவ்வொரு மெசேஜிலும் அதை உருவாக்கியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம். அந்த அடையாளத்தைத் தனியாகப் பூட்டி, சாவியை வாட்ஸ்அப்பிடம் வைத்துவிடலாம். நீதிமன்ற உத்தரவு வந்தால் மட்டும் நிறுவனம் அதைத் திறந்து பார்க்கலாம். மெசேஜின் உள்ளடக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை.

'இது சரிவராது' என்று அதே நீதிமன்றத்தில் பதில் தந்தார் ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். குற்றவாளிகள் செயலியையே மாற்றியமைத்து வேறொருவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்ப முடியும், நிரபராதி மாட்டிக்கொள்வார், விஷயம் தெரிந்த குற்றவாளி தப்பிவிடுவார் என்பது அவரது வாதம்.

இதற்கிடையே, வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் இதே பிரச்னை ஓடுவதாகச் சொல்லி ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2019 அக்டோபரில் அந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

2021 விதி என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரி 25-ம் தேதி மத்திய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தது. அதில் 4(2) என்ற விதிதான் சர்ச்சையின் மையம். சாராம்சம் இது:

* 50 லட்சத்துக்கும் மேல் பயனாளர்கள் உள்ள மெசேஜிங் செயலிகளுக்குப் பொருந்தும். அந்த நேரத்தில் இந்தியாவில் வாட்ஸ்அப்புக்கு 53 கோடி பயனாளர்கள் இருப்பதாக அரசு சொன்னது.
* நீதிமன்றமோ, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அமைப்போ உத்தரவிட்டால், ஒரு தகவலை முதலில் அனுப்பியவர் யார் என்று அடையாளம் காட்ட வேண்டும்.
* நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்ற கடும் குற்றங்களுக்கு மட்டுமே இப்படிக் கேட்கலாம்.
* தனியுரிமையை இவ்வளவு பாதிக்காத வேறு வழி இருந்தால் இந்த உத்தரவைப் போடக் கூடாது.
* மெசேஜின் உள்ளடக்கத்தைத் தரச் சொல்லி இதன் கீழ் கேட்க முடியாது.
* முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே 'முதல் அனுப்புநர்' என்று கருதப்படுவார்.

விதியைப் பின்பற்றாத நிறுவனம், பயனாளர்கள் பதிவிடுவதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும்.

இணங்குவதற்கான 3 மாத அவகாசம் முடிந்த கையோடு, 2021 மே மாதத்தில் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அரசு தரப்பு என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமைதான், அதை மதிக்கிறோம்; ஆனால் எந்த அடிப்படை உரிமைக்கும் நியாயமான கட்டுப்பாடு உண்டு என்பது அரசின் நிலைப்பாடு.

கலவரத்தைத் தூண்டும் மெசேஜையோ குழந்தைகளின் ஆபாசக் காட்சியையோ பரப்பியவருக்கு, 'நான் யார் என்று யாருக்குமே தெரியாது' என்ற பாதுகாப்பு எதற்கு என்று கேட்கிறது அரசு. யாருடைய மெசேஜையும் படிக்கக் கேட்கவில்லை, அனுப்பியவர் பெயரைத்தான் கேட்கிறோம், அதற்கான தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது.

பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது.

வாட்ஸ்அப் ஏன் மறுக்கிறது?

எந்த மெசேஜ் நாளைக்கு வழக்காகும் என்று இன்றைக்கே யாருக்கும் தெரியாது. எனவே ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், எல்லோருடைய எல்லா மெசேஜுக்கும் 'இது இவரிடம் இருந்து கிளம்பியது' என்று முன்கூட்டியே தடம் பதித்து வைக்க வேண்டும். அம்மா மகளுக்கு அனுப்பிய மருந்துச் சீட்டு, பத்திரிகையாளருக்கு ஒரு ஊழியர் அனுப்பிய ஆவணம், வக்கீலுக்குக் கட்சிக்காரர் அனுப்பிய மெசேஜ் என எதற்கும் விலக்கு இருக்காது.

மெசேஜைப் படிக்காமல் அனுப்பியவரை மட்டும் சொல்வது எப்படி என்பதும் சிக்கல்தான். 'இந்த மெசேஜை அனுப்பியது யார்?' என்ற கேள்வியுடன் வருபவரின் கையில் அந்த மெசேஜ் ஏற்கெனவே இருக்கும். பெயரும் கிடைத்துவிட்டால், அந்த உரையாடலில் ரகசியம் என்று மிச்சம் எதுவும் இல்லை.

2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற விசாரணையின்போது, என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் வெளியேற வேண்டியதுதான் என்று அந்நிறுவனத்தின் வழக்கறிஞர் தெரிவித்தார். 'இந்தியாவை விட்டுப் போகிறது வாட்ஸ்அப்' என்று தலைப்புச் செய்திகள் வந்தது அப்போதுதான். வெளியேறும் திட்டம் எதையும் அந்நிறுவனம் தெரிவிக்கவில்லை என்று 2024 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது.

கண்டுபிடித்தாலும் சரியான ஆள் சிக்குவாரா?

முதல் அனுப்புநரைக் கண்டறிய இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, காமகோடி சொன்னதுபோல மெசேஜோடு அடையாளத்தை ஒட்டி அனுப்புவது. மற்றொன்று 'ஹேஷ்' முறை. அதாவது ஒவ்வொரு மெசேஜுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்-எழுத்துத் தொடரை உருவாக்கி, யார் முதலில் அனுப்பினார் என்று சேமித்து வைப்பது.

இரண்டிலும் ஓட்டைகள் இருக்கின்றன.

மெசேஜில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலே ஹேஷ் மொத்தமாக மாறிவிடும். வீடியோவை ஒரு நொடி வெட்டினாலும் அப்படித்தான். அது 'புதிய' மெசேஜ் ஆகிவிடும், வெட்டியவர் 'முதல் அனுப்புநர்' ஆகிவிடுவார். ஃபார்வேர்டு செய்யாமல் காப்பி-பேஸ்ட் செய்தாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ ஒட்டிய அடையாளமும் போய்விடும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் யூடியூபில் ஒரு போலி வீடியோவைப் போடுகிறார். அதைப் பார்த்துப் பயந்துபோன ஒரு பெண், டவுன்லோடு செய்து 'இது உண்மையாப்பா?' என்று குடும்ப குரூப்பில் கேட்கிறார். அங்கிருந்து வீடியோ ஊரெல்லாம் பரவுகிறது. வாட்ஸ்அப் கணக்குப்படி முதல் அனுப்புநர் யார்? கேள்வி கேட்ட அந்தப் பெண்தான். வீடியோவைத் தயாரித்தவர் கணக்கிலேயே வர மாட்டார்.

வெளிநாட்டில் இருந்து வந்த மெசேஜிலும் இதே கதைதான். விதிப்படி, இந்தியாவில் அதை முதலில் பகிர்ந்தவரே முதல் அனுப்புநர்.

'முதல் அனுப்புநர் என்பது விசாரணையின் தொடக்கம்தான், அதுவே தீர்ப்பு ஆகாது' என்று விதியை ஆதரிப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். அது நியாயமான பதில். ஆனால் விசாரணைக்கு அழைக்கப்படுவது, போன் பறிமுதல் ஆவது, ஊரில் பெயர் கெடுவது எல்லாம் தீர்ப்புக்கு முன்பே நடந்துவிடும் என்பதும் உண்மை.

திரிபுராவில் நடந்தது என்ன?

இந்த அதிகாரம் எதற்கெல்லாம் பயன்படும் என்ற கேள்விக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. திரிபுரா முதல்வர் மாணிக் சாஹா ராஜினாமா செய்துவிட்டதாக ஒரு போலிக் கடிதம் வாட்ஸ்அப்பில் பரவியது. அதை முதலில் அனுப்பியவர் யார் என்று தெரிவிக்குமாறு 2023-ல் கீழமை நீதிமன்றம் வாட்ஸ்அப்புக்கு உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, பொது ஒழுங்குக்கு எந்த அளவு ஆபத்து என்பதைக் கீழமை நீதிமன்றம் ஆராயவில்லை என்று கூறி திரிபுரா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

கொலைக்குக் காரணமான வதந்திக்காகப் பேசத் தொடங்கிய விதி, அரசியல்வாதி பற்றிய போலிக் கடிதத்துக்கும் வந்து நின்றது. 'கடும் குற்றங்களுக்கு மட்டும்' என்ற வரம்பு காகிதத்தில் இருந்தால் போதாது, அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

குழந்தைகள் பாதுகாப்பு: பதில் சொல்ல கஷ்டமான கேள்வி

என்க்ரிப்ஷனை ஆதரிப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளை இணையத்தில் கண்டுபிடித்துப் புகார் செய்வது பெரும்பாலும் நிறுவனங்களின் தானியங்கிச் சோதனைகள்தான். அமெரிக்க நிறுவனங்களின் இத்தகைய புகார்கள் அங்குள்ள காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குப் போகின்றன. இந்தியா தொடர்பான தகவல்கள், 2019-ல் போடப்பட்ட ஒப்பந்தப்படி தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநில போலீஸாருக்கு வருகின்றன.

மெசேஜ் பூட்டப்பட்டுவிட்டால் இந்தச் சோதனையை சர்வரில் செய்ய முடியாது. அதனால்தான் 2023 டிசம்பரில் ஃபேஸ்புக் மெசஞ்சரிலும் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் இயல்பாகவே வரும் என மெட்டா அறிவித்தபோது, குழந்தைகள் நல அமைப்புகளும் பல நாட்டுப் போலீஸாரும் கடுமையாக எதிர்த்தனர்.

'சரி, போட்டோவை ஐகிளவுடில் ஏற்றுவதற்கு முன்பு போனிலேயே சோதித்தால் என்ன?' என்று 2021-ல் ஆப்பிள் ஒரு திட்டத்தை அறிவித்தது. இன்று குழந்தைகளுக்காக என்று போனுக்குள் வைக்கும் சோதனைக் கருவியை, நாளை ஒரு அரசு தனக்குப் பிடிக்காத கார்ட்டூனைத் தேடவும் பயன்படுத்தலாம் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆப்பிள் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

மற்ற நாடுகளில் எப்படி?

*அமெரிக்கா:* 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக் கொன்றவரின் ஐபோனைத் திறக்க உதவுமாறு ஆப்பிளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு போனுக்காகச் செய்யும் கள்ளச்சாவி எல்லாப் போனையும் திறக்கும் என்று ஆப்பிள் மறுத்தது. கடைசியில் எஃப்பிஐ வேறொருவர் உதவியுடன் போனைத் திறந்து, வழக்கை வாபஸ் பெற்றது.

அதே அமெரிக்காவில் 2024-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். சீனாவுடன் தொடர்புடையதாகச் சொல்லப்படும் 'சால்ட் டைஃபூன்' ஹேக்கர்கள் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தனர். போலீஸ் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக வைக்கப்பட்டிருந்த அமைப்புகளும் அவர்கள் குறியில் சிக்கின. அதன் பிறகு அமெரிக்க அதிகாரிகளே 'என்க்ரிப்ஷன் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள்' என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். நல்லவர்களுக்கென வைத்த கதவு வழியாக மற்றவர்களும் வரலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

*பிரிட்டன்:* ஐகிளவுட் தரவுகளை அணுக வழி கேட்டு அரசு ரகசிய உத்தரவு போட்டதாகச் செய்தி வெளியானதைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரியில் ஆப்பிள் தனது உயர்தர என்க்ரிப்ஷன் வசதியை அங்கு நிறுத்தியது.

*ஐரோப்பா:* டெலிகிராம் தொடர்பான ரஷ்ய வழக்கு ஒன்றில் 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாப் பயனாளர்களின் என்க்ரிப்ஷனையும் பலவீனப்படுத்தச் சொல்வது ஜனநாயக சமூகத்துக்கு அவசியமானதாகக் கருத முடியாது என்றது அந்தத் தீர்ப்பு.

இந்திய நீதிமன்றம் எந்த அளவுகோலில் பார்க்கும்?

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அந்த உரிமையில் அரசு தலையிட மூன்று விஷயங்கள் வேண்டும்: அதற்கு ஒரு சட்டம், நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு.

முதல் கேள்வியிலேயே, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இல்லாததை விதி மூலம் கொண்டுவரலாமா என்ற சர்ச்சை இருக்கிறது. நோக்கத்தில் பெரிய தகராறு இல்லை. முக்கியமான சண்டை மூன்றாவதில்தான். சில நூறு குற்றவாளிகளைப் பிடிக்க, பல கோடிப் பேரின் மெசேஜ்களில் தடம் பதிப்பது 'ஏற்ற அளவு' ஆகுமா?

வேறு வழியே இல்லையா?

2018-ல் கொலைகள் தொடர்ந்தபோது, இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அதுவே பின்னர் உலகம் முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை ஃபார்வேர்டு ஆன மெசேஜை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இறுக்கியது. இதனால் அத்தகைய மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது.

இதில் யாருடைய பூட்டும் உடைக்கப்படவில்லை. ஆனால் இது பரவும் வேகத்தைத்தான் குறைக்கும். ஏற்கெனவே நடந்துவிட்ட குற்றத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லாது. இரு தரப்பும் முழுசாகத் திருப்தி அடையாதது அதனால்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பேக்அப்பைப் பூட்டுங்கள்: கூகுள் டிரைவ் அல்லது ஐகிளவுடில் சேமிக்கும் சாட்களுக்கு எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் தானாக வராது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்அப் பகுதிக்குப் போய் ஆன் செய்ய வேண்டும்.
* டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள்: உங்கள் எண்ணில் வேறு யாரும் கணக்கைத் திறக்காமல் இருக்க 6 இலக்க பின் நம்பர் உதவும்.
* இரட்டை அம்புக்குறியைக் கவனியுங்கள்: மெசேஜ் மேல் அது இருந்தால், பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியது யார் என்று அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம்.
* 'உண்மையா?' என்று குரூப்பில் கேட்காதீர்கள்: சந்தேகமான வீடியோவை அப்படிப் பகிர்வதும் பரப்புவதுதான். விவரம் தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.
* மோசமான மெசேஜை ரிப்போர்ட் செய்யுங்கள்: பூட்டை உடைக்காமலே நிறுவனத்துக்குத் தகவல் போகும். இணையக் குற்றமாக இருந்தால் 1930, குழந்தைகள் ஆபத்தில் இருந்தால் 1098 எண்ணை அழைக்கலாம்.

போளூர் அருகே அந்த மூதாட்டியைச் சூழ்ந்த கூட்டத்தில் இருந்தவர்களுக்கு, வதந்தியை எழுதியது யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கு அது, தெரிந்த ஒருவரின் எண்ணில் இருந்துதான் வந்திருக்கும். முதல் அனுப்புநர் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் எந்தப் பதிலைச் சொன்னாலும், ஒரு மெசேஜை அடுத்தவருக்கு அனுப்பும் விரல் உங்களுடையது.